கிராஸ் மாடு என்றால் என்ன மாடு?

போன மாதம் புதுக்கடைப் பக்கம் ஒரு இறைச்சிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கொக்கியில் தொங்கிய தொடையைக் காட்டி, "என்ன நானா, கொழுப்பு இவ்வளவு மஞ்சளா இருக்கு, கிழட்டு மாடா?" என்று கேட்டார். கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "கிழடு இல்ல ஹாஜியார், கிராஸ். ஜெர்சி கிராஸ்" என்றார். ஹாஜியார் நம்பவில்லை. பக்கத்தில் தொங்கியதில் வெள்ளைக் கொழுப்பாகப் பார்த்து ஒன்றரைக் கிலோ வெட்டச் சொன்னார்.

கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். புல்லில் இருக்கும் கரோட்டீன் என்ற மஞ்சள் நிறமியை ஜெர்சி இரத்தம் உள்ள மாடு கொழுப்பில் நிறையவே சேர்த்துவைக்கும், அதனால் கொழுப்பு மஞ்சளாகும். ஆனால் புல் தின்றே வயதான மாட்டுக்கும் அதே மஞ்சள்தான், ஆகவே ஹாஜியாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கு அங்கே காதில் விழுந்தது வேறு. அந்தக் கிழமை முழுக்க நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சொல்லை இந்த மனுஷன் கத்தி துடைக்கிற நேரத்தில் சொல்லிவிட்டார். உள்ளூரில் வாங்குபவர்களுக்கு ஏற்றமாதிரி இறைச்சி மாட்டை இனம் கலந்து வளர்ப்பது பற்றிய ஒரு கையேடு மொழிபெயர்ப்புக்கு வந்திருந்தது, என் முதல் வரைவில் கிராஸுக்கு 'குறுக்கினம்' என்று எழுதிவைத்திருந்தேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன், "குறுக்காலே போன மாடா?" என்று கேட்டார்கள். அடித்துவிட்டேன்.

கிராஸ் என்ற சொல்லின் வேர் லத்தீன் 'குருக்ஸ்'. குற்றவாளியை அறைகிற மரம், அதாவது சிலுவை. அதிலிருந்து ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள், அப்புறம் குறுக்கே போவது என்று பொருள் நீண்டு, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இரண்டு இனங்களைச் சேர்த்துக் கன்று எடுப்பதற்கும் வந்து சேர்ந்தது. தமிழில் 'குறுக்கு' அந்த வழியில் நடந்ததில்லை. குறுக்குவழி, குறுக்குப்புத்தி, குறுக்குக் கேள்வி என்று பெரும்பாலும் வில்லங்கமான பக்கமே போயிருக்கிறது. அதனால்தான் 'குறுக்கினம்' ஒட்டவில்லை.

ஹைப்ரிட் என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். கொழும்பில் ஹைப்ரிட் என்றால் பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஜப்பான் கார், வேறெதுவும் யாருக்கும் ஞாபகம் வராது. அந்தச் சொல்லின் பிறப்பு என்னவோ தொழுவத்தில்தான். லத்தீனில் 'ஹிப்ரிடா' என்பது வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. மாட்டிறைச்சிக் கையேட்டில், அதுவும் வாங்குபவர்களில் பெரும்பகுதி முஸ்லிம்களாக இருக்கிற ஊரில், பன்றிக்குட்டியை அழைத்துவருவானேன்! சிங்களத்தில் 'தெமுஹுன்' என்பார்கள், இரண்டு கலந்தது என்று பொருள். நேராக, பளிச்சென்று இருக்கிறது.

நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது: கலப்பினம். கல என்ற வேரில் கலவையும் உண்டு, கலவியும் உண்டு, கலப்பு மணமும் உண்டு. சிக்கல் கலப்படத்தில். கடைக்காரரிடம் மறுபடி போனபோது "இது கலப்பின மாடா நானா?" என்று கேட்டுப்பார்த்தேன். முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, நம்ம கடையில கலப்படம் ஒண்டும் இல்ல!" அன்றைக்கு ஈரலும் வாங்கிச் சமாதானம் செய்யவேண்டியதாயிற்று. மட்டக்களப்பை 'மட்டக்கலப்பு' என்று எழுதுகிற கொழும்புப் பிள்ளைகளையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும், அது ளகரக் களப்பு, கடலோரத்து நீர்நிலை, இந்தக் கலப்போடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

கலந்து பிறந்த விலங்கு தமிழுக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலன் கடலாடப் போவது அத்திரி ஏறி. அத்திரி என்றால் கோவேறு கழுதை, குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்தது. ஆனால் அது இரண்டு வேறு உயிரினங்கள் சேர்ந்து வந்தது, பெரும்பாலும் மலடு. மாட்டில் நடப்பது மாட்டுக்குள்ளேயே இரண்டு இனங்களைச் சேர்ப்பது, கன்று வளர்ந்து தானும் கன்று போடும். அதனால் செய்கிற வேலைக்கு 'இனக்கலப்பு', பிறக்கிற மாட்டுக்குக் 'கலப்பினம்' என்று பிரித்து எழுதினேன். கிராஸ் என்ற ஒரே சொல் வேலைக்கும் மாட்டுக்கும் நிற்கிறது, தமிழில் அந்தக் குழப்பம் தேவையில்லை.

ஏன் கலக்கிறார்கள்? ஐரோப்பிய இறைச்சி மாடான அங்கஸ் சீக்கிரம் சதை போடும், சதைக்குள் கொழுப்பு இழையோடும், ஆனால் நம் வெயிலுக்கும் உண்ணிக்கும் தாங்காது. திமில் மாடு தாங்கும், மெதுவாகத்தான் வளரும். இரண்டையும் சேர்த்தால் கன்று பல விஷயங்களில் தாய் தகப்பன் இரண்டு பேரின் சராசரியையும் தாண்டிவிடுகிறது. இதற்கு 1914இல் ஷல் என்ற அமெரிக்கர் 'ஹெட்டரோசிஸ்' என்று பெயர் வைத்தார், தமிழில் 'கலப்பின வீரியம்'. இதுவரைக்கும் எல்லாரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, முதல் தலைமுறைக் கலப்பினத்தைத் தங்களுக்குள்ளேயே சேர்த்தால் அந்த வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையிலேயே போய்விடும் என்பது. "நல்ல கிராஸ்" என்று விற்கிற நாம்பன், அதாவது இளங்காளை, எத்தனையாவது தலைமுறை என்று கேட்காமல் காசைக் கொடுத்தால் பிறகு யாரையும் நோக முடியாது.

பெயர் விஷயத்தில் வேடிக்கையும் உண்டு. கிர், காங்கிரேஜ், ஓங்கோல் போன்ற இந்திய மாடுகளை வைத்து அமெரிக்காவில் இறைச்சிக்கென்றே உருவாக்கிய இனத்துக்குப் பெயர் பிராமன்! பிரேசிலில் மலிந்து கிடக்கும் இறைச்சி மாடு நெலோரே, அது நம் அண்டைவீட்டு நெல்லூர், நெல்லும் ஊரும் சேர்ந்த பெயர் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். டெக்சாஸில் 5 பங்கு ஷார்ட்ஹார்ன் என்ற ஐரோப்பிய மாட்டுக்கு 3 பங்கு பிராமன் சேர்த்து நிலைப்படுத்திய சாந்தா கெர்ட்ரூடிஸ் 1940இல் தனி இனமாகவே அங்கீகாரம் பெற்றது. அதற்குப் பிறகும் அதைக் கிராஸ் என்பது சரியில்லை, 'கூட்டினம்' என்று எழுதினேன். யாராவது நல்ல சொல் தந்தால் மாற்றத் தயார்.

நம் நாட்டில் கடைக்கு வருவதில் பெரும்பகுதி பால் மாட்டு வழியில் வந்ததுதான், ஆண் கன்றும் பால் வற்றிய மாடும். உள்ளூரில் வாங்குபவரோ ஒரே ஆள் இல்லை. கறிக்கு வாங்குபவர் தேங்காய்ப்பாலில் ஒரு மணித்தியாலம் வேகவிடப் போகிறார், கொழுப்பு இழை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. பாபத், அதாவது மாட்டின் இரைப்பை, வாங்குபவருக்கு அது சுத்தமாக இருந்தால் போதும். ஹோட்டலுக்குத்தான் இழையோடிய இறைச்சி வேண்டும். குர்பானுக்கு மாடு பார்க்கப் போனவர்களோடு ஒருமுறை நானும் போயிருக்கிறேன். ஒரு மாட்டுக்கு 7 பங்கு, 2 வயது நிறைந்திருக்க வேண்டும், ஊனம் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்த கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் கலப்பினத்தை ஏழு பேரும் ஏறிட்டும் பார்க்கவில்லை. "இது பால் மாடு மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான், திமில் வைத்த செம்மாட்டுக்குப் போய்விட்டார்கள். எடை என்னமோ முதலாவதில்தான் அதிகம்.

கடைசியாகக் கையேட்டில் மாட்டிக்கொண்டது இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் காளை. அதற்குச் சொல் தேடவே வேண்டாம், பொலிகாளை. பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். மட்டக்களப்புப் பக்கம் சூடு மிதிக்கும்போது, அதாவது மாடு விட்டு நெல் பிரிக்கும்போது, பொலிப்பாட்டில் கூப்பிடுவதும் இந்தப் பொலியைத்தான். எழுதி அனுப்பினேன். திருத்தி வந்த பிரதியில் 'இனவிருத்திக் காளை' என்று மாற்றியிருந்தார்கள். திரும்பவும் பொலிகாளை என்றே எழுதி அனுப்பியிருக்கிறேன்.