பள்ளிக் கட்டணம் இல்லை என்பதோடு முடிவதில்லை: குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 27, 28-ஆம் பிரிவுகள்

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 1990 செப்டம்பர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 54 பிரிவுகளில், கல்வி என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுவது 28-ஆம் பிரிவைத்தான். தொடக்கக் கல்வி கட்டாயமாகவும் அனைவருக்கும் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்றும், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வரவும் இடைநிற்றல் குறையவும் அரசு ஆவன செய்ய வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் நகரத்து ஏழைப் பிள்ளையின் படிப்பு பல நேரங்களில் வகுப்பறையை எட்டுவதற்கு முன்பே வீட்டில் முறிந்துவிடுகிறது. எனவே 27-ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த உரிமை முழுதாக விளங்கும்.

உடல், மனம், ஒழுக்கம், சமூக வாழ்வு ஆகியவற்றின் வளர்ச்சிக்குப் போதுமான வாழ்க்கைத் தரம் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது என்கிறது அந்தப் பிரிவு. முதற்பொறுப்பு பெற்றோருடையது, அவர்களால் இயலாதபோது, தன் வசதிக்கு உட்பட்டு, குறிப்பாக உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றில் அரசு கைகொடுக்க வேண்டும். குடிசைப் பகுதியில் விடியுமுன் குடத்தோடு வரிசையில் நிற்கும் பத்து வயதுச் சிறுமியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் தாமதமாக வந்தால் அவளும் தாமதமாகவே பள்ளிக்குப் போகிறாள். மாலையில் சமையல், தம்பியின் அழுகை, பெரியவர்களின் பேச்சு எல்லாம் நடக்கும் அதே ஒற்றை அறையில்தான் வீட்டுப்பாடமும் எழுத வேண்டும். வருகைப் பதிவேட்டில் இவை எதற்கும் கட்டம் கிடையாது. ‘தாமதம்’, பிறகு ‘வரவில்லை’ என்று மட்டுமே ஏறும். தூய குடிநீரை 24-ஆம் பிரிவும், ஓய்வையும் விளையாட்டையும் 31-ஆம் பிரிவும் உரிமைகளாகவே குறிப்பிடுகின்றன. விளையாட்டைச் சலுகையாகப் பார்க்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

‘இலவசம்’ என்ற சொல்லைக் கல்விக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1999-இல் வெளியிட்ட 11-ஆம் பொதுக் கருத்துரையில் (ஒப்பந்தப் பிரிவுகளுக்கு இத்தகைய குழு தரும் விளக்கம்), பெற்றோரிடம் கட்டாயமாக வாங்கும் வசூலும் விலை கூடிய சீருடையும்கூடக் கட்டணத்தைப் போலவே பிள்ளைகளைத் தடுக்கக்கூடும் என்று விளக்கியது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு இந்தச் சில்லறைச் செலவுகளே பெருஞ்சுமை என்பதால், இதுவே நடைமுறையில் மிகவும் பயன்படும் விளக்கம் என்று கருதுகிறேன்.

அடுத்த தடை சான்றிதழ். பிறந்தவுடன் பதிவு செய்யப்படுவது 7-ஆம் பிரிவு தரும் உரிமை. ஆனால் நிலையான முகவரி இல்லாத குடும்பங்களில் அது தவறிப்போகிறது. பின்னர் பள்ளிச் சேர்க்கையின்போது அந்தத் தாளையே கேட்கிறார்கள். இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு, தெருவோரச் சூழலில் வாழும் குழந்தைகள் குறித்து 2017-இல் வெளியிட்ட 21-ஆம் பொதுக் கருத்துரை, எந்த வயதிலும் கட்டணமின்றிப் பிறப்பைப் பதிவு செய்ய வழி வேண்டும் என்றும், அதுவரை தற்காலிக அடையாள அட்டை போன்ற நெகிழ்வான ஏற்பாடுகள் வேண்டும் என்றும் கேட்கிறது.

குடியிருப்பை அகற்றினால் பள்ளியும் கைவிட்டுப் போகிறது. வளர்ச்சிப் பணிகளுக்கான வெளியேற்றம் பற்றி ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தின் முன் 2007-இல் வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், பள்ளித் தேர்வு நடக்கும்போதோ அதற்குச் சற்று முன்போ யாரையும் வெளியேற்றக் கூடாது என்கின்றன. இது சட்டம் அன்று. ஆனாலும் அதிகாரியிடம் தரும் மனுவில் மேற்கோளாகக் காட்டலாம்.

இவற்றைக் கேட்டுப் பெறுவது எப்படி? பல நாடுகளில் உடன்படிக்கை நேரடியாக நீதிமன்றத்தில் செல்லாது. அந்தந்த நாட்டுச் சட்டத்தின் வழியாகவே உரிமை கைக்கு வரும். எனவே முதல் மனு உள்ளூர்க் கல்வி அலுவலகத்துக்கே போக வேண்டும். அரசுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 18 வல்லுநர்கள் கொண்ட அந்தக் குழந்தை உரிமைகள் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். அப்போது தொண்டு அமைப்புகளும் தம் தகவல்களைத் தரலாம். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மூன்றாம் விருப்ப நெறிமுறையை (உடன்படிக்கையோடு இணைந்த, நாடுகள் விரும்பினால் ஏற்கும் துணை ஒப்பந்தம்) ஏற்ற நாடுகளில், உள்நாட்டுத் தீர்வு வழிகளை எல்லாம் முயன்று பார்த்த பிறகு, குழந்தையோ அதன் சார்பில் வேறொருவரோ அந்தக் குழுவிடமே நேரடியாக முறையிடலாம்.