கொக்கியை விட்டுத் துள்ளும் டெலிபோன்

கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளை தீபாவளிக்கு வருமா வராதா என்று கேட்க, தோட்டத்திலிருந்து இறங்கி வந்து கொமியூனிகேசன் கடையில் ஒரே ஒரு போனுக்கு முன்னால் காத்துக்கிடந்த காலம் மலையகத்தில் அவ்வளவு பழையதில்லை. அந்த வாரம் முழுக்க ரிசீவரை வைத்த கையோடு மறுபடி மணி அடிக்கும். ஆங்கிலத்தில் இதை 'ரிங்கிங் ஓஃப் த ஹூக்' என்பார்கள். மணி அடிக்கிற வேகத்தில் ரிசீவரே கொக்கியை விட்டுத் துள்ளி விழுகிறதாம்!

ஆனால் நிஜமாகவே ரிசீவர் விழுந்துவிட்டால் மணி உடனே நின்றுவிடும்.

சுவரில் மாட்டிய பழைய போன்களில் ரிசீவர் தொங்கும் கொக்கிதான் ஆளி. ரிசீவரின் பாரம் அதைக் கீழே அழுத்தி வைத்திருக்கும், எடுத்தால் சுருள்வில் மேலே தள்ளும். மேசைப் போனில் ரிசீவருக்கு அடியில் இருக்கும் குமிழ்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் எந்நேரமும் சுமார் 48 வோல்ட் நேரோட்ட அழுத்தம் இருக்கும். அது அங்குள்ள பற்றரிகளிலிருந்து வருவதால்தான் மழையில் கரண்ட் போன இரவிலும் பழைய போன் வேலை செய்தது. கோல் வந்தால் அதே கம்பியில் 75 முதல் 90 வோல்ட் வரை ஆடலோட்டம் வரும், நொடிக்கு 20, 25 முறை திசை மாறி மாறி. மணிக்கு முன்னால் இருக்கும் கொள்ளளவி நேரோட்டத்தை மறித்து ஆடலோட்டத்தை மட்டும் விடும், அப்புறம் மின்காந்தம் ஒரு குட்டிச் சுத்தியலை இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே ஆட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அடி என்றால் நொடிக்கு 40, 50 அடி. அந்த 'ட்ர்ர்ரிங்' இப்படித்தான் பிறக்கிறது. ரிசீவரை எடுத்ததும் ஆளி மூடி, நேரோட்டம் பாயும். எக்ஸ்சேஞ்ச் அதை உணர்ந்து மணியை நிறுத்திவிடும். அதற்குப் பிறகு கூப்பிடுகிற எல்லோருக்கும் என்கேஜ் சத்தம்தான்.

எத்தனை பேருக்கு அந்தச் சத்தம் கேட்கும் என்பதற்கும் கணக்கு உண்டு, கோப்பன்ஹேகன் டெலிபோன் கம்பனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் கணிதவியலாளர் 1917இல் வெளியிட்டது. கடைப் போனுக்கு ஒரு மணித்தியாலத்தில், முன்பின் ஒழுங்கில்லாமல், 15 பேர் கோல் எடுக்கிறார்கள், ஆளுக்குச் சராசரி 2 நிமிடம் என்று வைப்போம். மொத்தம் அரை மணி நேரப் பேச்சு, மீதி அரை மணி நேரம் லைன் சும்மா இருக்கும் என்றுதானே தோன்றுகிறது? அப்படியும் மூன்றில் ஒருவருக்கு என்கேஜ். இன்னொரு லைன் போட்டால் அது 13இல் ஒருவராகக் குறைந்துவிடும்! ஒரே ஒரு லைனால் வரும் இந்த வித்தியாசத்தை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. என்கேஜ் கேட்டவர்கள் பேசாமல் விட்டுவிடுவார்கள் என்றுதான் இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. தீபாவளி வாரத்தில் யார் விடுவார்கள்? திரும்பத் திரும்ப அடிப்பார்கள், நெரிசல் இன்னும் கூடும்.

இன்றைக்கு மண்சரிவு எச்சரிக்கை வரும் மழை நாளில் செல்போன் கோபுரத்துக்கும் இதே நிலைமைதான், ஒரே நேரத்தில் பேசுவதற்கு அதிலும் அளவான வழிகளே இருக்கின்றன. எஸ்.எம்.எஸ். பேச்சுக்குரிய வழியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, அதனால் கோல் போகாத நேரத்திலும் 'நாங்க சுகம்' என்ற இரண்டு சொல் வீட்டுக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.