ஆமிஷ் குழந்தைங்க காட்சிப் பொருள் இல்லைங்க

நான் பென்சில்வேனியால ஒரு எலிமெண்டரி ஸ்கூல்ல நாலாம் கிளாஸ் டீச்சர், ஞாயித்துக்கிழமைல தமிழ்ப் பள்ளியிலயும் சொல்லிக் குடுக்கறேன். வருஷா வருஷம் ஆமிஷ் மக்களைப் பத்தி, அதாவது குதிரை வண்டி ஓட்டிக்கிட்டு எளிமையா வாழற ஒரு கிறிஸ்தவ சமூகத்தைப் பத்தி பாடம் எடுக்கறேன், அவங்க நிறைய இருக்கற லான்காஸ்டர் கவுண்டிக்கு பசங்களைக் கூட்டிட்டுப் போறேன். இத்தனை வருஷமா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன், போன வாரம் பாத்ததை மட்டும் மனசுல வச்சுக்க முடியல.

ரோட்டோரமா ஒரு காய்கறிக் கடை. தக்காளி, சோளம், வீட்ல போட்ட ஜாம். கடைல இருந்தது ஒரு ஆமிஷ் பொண்ணு, எட்டு ஒம்பது வயசு இருக்கும். நம்ம ஊர்க் குடும்பம் ஒண்ணு கார்ல வந்து இறங்குச்சு, அப்பா தன் பையனை அந்தப் பொண்ணு பக்கத்துல தள்ளி நிக்க வச்சு போனைத் தூக்கிட்டாரு. பொண்ணு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு, "ஒரே ஒரு போட்டோம்மா"ன்னு அவரு இந்தப் பக்கம் சுத்தி வந்தாரு, உடனே அது ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கிச்சு. திரும்பிப் போகும்போது பையன் கேக்கறான், "ஏம்ப்பா அவங்க இப்படி இருக்காங்க?" அதுக்கு அப்பா சொன்ன பதில்: "அவங்களுக்கு கரண்ட்டு, டெக்னாலஜி எல்லாம் தெரியாதுடா, அந்தக் காலத்துலயே நின்னுட்டாங்க."

இந்தப் பதில்தாங்க என் பிரச்சனையே. கிளாஸ்ல பசங்க கொண்டு வர்ற வொர்க்‌ஷீட்லயும் இதேதான், நடுவுல கோடு கிழிச்சு இந்தப் பக்கம் "அன்று", அந்தப் பக்கம் "இன்று", அன்று-க்குக் கீழ ஆமிஷ், இன்று-க்குக் கீழ நாம. அந்தப் பொண்ணு இன்னைக்குத்தான இருக்கா? உங்க பையன் பொறந்த அதே வருஷத்துல பொறந்திருப்பா! தலைப்பே தப்பா இருக்கும்போது கீழ என்ன எழுதினாலும் என்ன பிரயோஜனம்.

சரி, ஒண்ணொண்ணா சொல்றேன். ஆமிஷ் வீட்டுக் கூரைல சோலார் பேனல் பாத்திருக்கீங்களா? நிறைய இருக்கு. பேட்டரி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, சமையலறைல கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ் இருக்கு, தச்சுப் பட்டறைல அறுக்கற மெஷினெல்லாம் அழுத்தக் காத்துல ஓடுது. லான்காஸ்டர் பக்கம் குதிரை வண்டில இண்டிகேட்டர் லைட் கூட எரியும். அவங்க வேண்டாம்னது வெளில கம்பத்துல இருந்து வீட்டுக்குள்ள வர்ற கரண்ட்டு ஒயரைத்தான். அந்த ஒயர் வழியா வெளி உலகம் மொத்தமும் கேக்காமலே வீட்டுக்குள்ள வந்துரும்னு 1920 வாக்குலயே உக்காந்து பேசி முடிவு பண்ணாங்க. போனும் அப்படித்தான், பேசவே கூடாதுன்னு இல்ல, வீட்டுக்குள்ள வேண்டாம், தெருமுனைல சின்ன மரக்கூண்டு கட்டி அதுல வச்சிருப்பாங்க, நாலஞ்சு வீட்டுக்கு சேத்து ஒண்ணு, தேவைப்பட்டா நடந்து போய்ப் பேசிட்டு வருவாங்க. கார் சொந்தமா வாங்க மாட்டாங்க, ஆனா வேன் வாடகைக்குப் பேசி டிரைவரோட ஆஸ்பத்திரிக்கும் தூரத்துச் சொந்தக்காரங்க வீட்டுக்கும் போவாங்க. ட்ராக்டர் கொட்டகைகிட்ட நிக்கும், பெல்ட்டு மாட்டி மெஷின் ஓட்டுவாங்க, ஆனா வயல்ல இறக்க மாட்டாங்க, வயல்ல கோவேறு கழுதைங்கதான், ஏன்னா ட்ராக்டர் இறங்கிட்டா ஒரு ஆளே நூறு ஏக்கர் பாத்துக்கலாம், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரன் எதுக்கு?

தெரியாம விட்டது எது இதுல? ஒவ்வொரு சாமானையும் எடுத்து, இது வந்தா நம்ம குடும்பமும் ஊரும் சேந்து இருக்குமா பிரிஞ்சு போகுமான்னு பாத்துத்தான் உள்ள விடறதா வேண்டாமான்னு முடிவு எடுக்கறாங்க. இருபது முப்பது குடும்பம் சேந்தது ஒரு சபை, அந்த சபையோட கட்டுப்பாட்டுக்கு ஓர்ட்னுங்னு பேரு, வருஷத்துக்கு ரெண்டு தடவை எல்லாரும் உக்காந்து அதைப் பேசி ஒத்துக்கணும். அதனாலதான் ஊருக்கு ஊர் மாறுது, லான்காஸ்டர்ல வண்டிக்கு சாம்பல் கலர் மேல்கூடு, ஒஹாயோல கருப்பு, பென்சில்வேனியாலயே மிஃப்ளின் கவுண்டி பள்ளத்தாக்குல மஞ்சளும் வெள்ளையும் கூட இருக்கு. "ஆமிஷ்னா இப்படித்தான்"னு ஒரே வரில சொல்லிக் குடுக்கவே முடியாது.

பசங்களுக்கு இதைப் புரிய வைக்க எனக்குக் கை குடுக்கறது ஸ்கூட்டர்தான். லான்காஸ்டர்ல ஆமிஷ் பசங்க ஓட்டற ஸ்கூட்டருக்கு சைக்கிள் டயர் இருக்கும், ஹேண்டில் இருக்கும், முன்னாடி கூடை இருக்கும், பெடல் மட்டும் இருக்காது, ஒரு காலால தரையை உந்தித் தள்ளிட்டுப் போகணும். போன வருஷம் ட்ரிப்ல ஒரு பையன் அதைப் பாத்துட்டு "பெடல் வாங்கக் காசு இல்லையா மிஸ்?"னு கேட்டான். நான் பதில் சொல்லல, பெடல் இருந்தா என்ன ஆகும்னு திருப்பிக் கேட்டேன். வேகமாப் போலாம். அப்புறம்? ரொம்ப தூரம் போலாம். அப்புறம்? கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சுட்டு "சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர மாட்டேன்"னான். இதுக்கு மேல நான் என்ன விளக்கணும்.

அவங்க பேசற பாஷைக்கு பென்சில்வேனியா டச்சுன்னு பேர் இருக்கறதால ஹாலந்துல இருந்து வந்தவங்கன்னு எழுதிராதீங்க, அது ஜெர்மன் வட்டார வழக்கு. 1693-ல யாக்கோப் அம்மான்ங்கறவரு தலைமைல சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பக்கம் தனியாப் பிரிஞ்ச கூட்டம், அவர் பேர்லதான் ஆமிஷ். அழிஞ்சுட்டு வர்றாங்கன்னும் சொல்லாதீங்க, 1920 வாக்குல சுமார் 5000 பேர், இப்ப 4 லட்சத்தை ஒட்டி இருக்காங்க, 20 வருஷத்துக்கு ஒரு தடவை டபுள் ஆகறாங்க.

இன்னொரு கோஷ்டி பெத்தவங்க இருக்காங்க, அவங்க தலைகீழ். "பாரு, போன் இல்லாம எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க, நீயும் இருக்கியே"ன்னு ஆமிஷ் பசங்களைக் காட்டித் திட்றது. தயவுசெஞ்சு வேண்டாங்க. அங்கயும் கஷ்டம் இருக்கு. எட்டாம் கிளாஸோட படிப்பு முடிஞ்சுரும். விஸ்கான்சின்ல மூணு அப்பாக்கள் பிள்ளைங்களை ஹைஸ்கூலுக்கு அனுப்பலன்னு ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1972-ல ஆமிஷ் பக்கம் தீர்ப்பாச்சு. அதுல நீதிபதி டக்ளஸ் மட்டும், பிள்ளைங்களோட விருப்பத்தையும் கேக்க வேண்டாமான்னு மாத்தி எழுதினாரு. நான் இதைத்தான் கிளாஸ்ல விவாதத்துக்கு வைப்பேன், ஒம்பது வயசுப் பசங்க ரெண்டு பக்கமும் எடுத்து எவ்வளவு நியாயமாப் பேசுவாங்க தெரியுமா! ஞானஸ்நானம் வாங்கின அப்புறம் சபையை விட்டுப் போனா ஒதுக்கி வைப்பாங்க, அதையும் மறைக்காம சொல்லுங்க, பசங்க தாங்குவாங்க.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தா நயாகரா, நியூயார்க், அடுத்தது லான்காஸ்டர்னு கூட்டிட்டுப் போறோம் இல்ல, போகும்போது இதை மட்டும் செய்ங்க. முகம் தெரியற மாதிரி போட்டோ எடுக்காதீங்க, பெருமைக்கு இடம் குடுக்கும்னு அவங்க நம்பிக்கை, விக்கிரகம் செய்யாதேங்கற பைபிள் கட்டளையும் அதுல இருக்கு. அனுமதி கேட்டுட்டு எடுக்கலாமான்னா, அந்தக் குழந்தையை எதுக்குங்க தர்மசங்கடத்துல மாட்டி விடணும்? வீட்டு வாசல்ல காரை நிறுத்தி எட்டிப் பாக்காதீங்க. ஞாயித்துக்கிழமை எதையும் விக்க மாட்டாங்க, கதவைத் தட்டாதீங்க.

காரோட்டறவங்க கொஞ்சம் கவனிங்க, இது உயிர் விஷயம். குதிரை வண்டி மணிக்கு 8 மைல் போகும், நீங்க 55-ல வர்றீங்க. 500 அடி தள்ளிப் பாத்தா கூட உங்களுக்கு இருக்கறது 7 செகண்டுதான், மேட்டு வளைவுல அதுவும் கிடையாது. குதிரை வண்டிக்குப் பின்னாடி மாட்டியிருக்கற ஆரஞ்சு முக்கோணம் தெரிஞ்ச உடனே கால் பிரேக்குக்குப் போகணும். ஹாரன் அடிக்காதீங்க, குதிரை மிரண்டா வண்டிக்குள்ள இருக்கற கைக்குழந்தையோட சேந்து பள்ளத்துல போயிரும். எதிர்ல வண்டி இல்லாத நேரமா பாத்து, நல்லா இடம் விட்டு, மெதுவாத் தாண்டுங்க.

மே மாசம் அடுத்த ட்ரிப். பெத்தவங்க கையெழுத்துப் போடற ஃபார்ம்ல இந்தத் தடவை ரெண்டு வரி சேத்திருக்கேன், போன், கேமரா எல்லாம் பஸ்லயே இருக்கும், கூட வர்ற பெரியவங்களுக்கும் இதேதான். வொர்க்‌ஷீட்ல "அன்று", "இன்று" ரெண்டையும் அடிச்சுட்டு "அவங்க வீட்ல", "எங்க வீட்ல"ன்னு மாத்திட்டேன்.