தெரிந்தே தேடும் பாட்டு: இக்போ மக்களும் போர்த் துக்கமும்

நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இளவயதில் ஒருவன் இறந்துவிட்டால், அவன் வயதுக்காரர்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டே ஊருக்குள் அவனைத் தேடுவார்கள். யாரைத் தேடுகிறோம் என்று ஒரு குரல் கேட்கும், மற்றவர்கள் பெயரைச் சொல்வார்கள். விறகுக்குப் போனானோ, தண்ணீருக்குப் போனானோ, எங்கே போயிருந்தாலும் திரும்பி வரட்டும். அவன் செத்துப்போனது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் தேடுகிறார்கள்.

கவிஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ 1967இல், நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக அறிவித்துக்கொண்ட தென்கிழக்குப் பகுதியான பயாஃப்ராவின் படையில் சேர்ந்து போர்முனையில் இறந்தார். ‘சிதைவுகள்’ நாவலால் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான சினுவா அச்சேபே அவருடைய நண்பர். நாவல்களை ஆங்கிலத்தில் எழுதிய அச்சேபே, இந்தச் சாவுக்கு இக்போ மொழியில், அந்தத் தேடும் பாட்டின் வடிவத்திலேயே இரங்கல் எழுதினார்.

மனநல ஆலோசகராக என்னை இழுப்பது அந்த வடிவம்தான். துக்கம் கேட்கப் போகிற நாம் ‘நடந்தது நடந்துவிட்டது, மனசைத் தேற்றிக்கொள்’ என்கிறோம். இல்லையென்றால் ‘எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிடு’ என்கிறோம். இரண்டுமே அவசரம். தேடும் பாட்டு, நம்ப முடியாத மனநிலையைக் கொஞ்ச நேரம் இருக்கவிடுகிறது, அதுவும் பலர் சேர்ந்து. தொண்டை அடைத்துப்போனவர் சொல் தேட வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் போதும்.

1967 ஜூலை முதல் 1970 ஜனவரி வரை நடந்த அந்தப் போரில், ஐந்து லட்சம் முதல் முப்பது லட்சம் உயிர்கள் வரை போயின என்கின்றன மதிப்பீடுகள். முற்றுகையால் வந்த பட்டினியில் செத்தவர்களே அதிகம். சொந்த மண்ணில் அடக்கமாவதைப் பெரிதாக நினைக்கும் மக்களுக்குப் பல உடல்கள் வந்து சேரவே இல்லை. ‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை’ என்று போர் முடிந்ததும் நைஜீரிய அரசு சொல்லிவிட்டது. ஆனால் வங்கியில் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் பயாஃப்ரா மக்களுக்குக் கையில் கிடைத்தது 20 பவுண்டுதான். துக்கத்துக்கு ஏது இடம்? கவிதையில்தான் கொஞ்சம் கிடைத்தது.

அகதி முகாமில் சாகக் கிடக்கும் பிள்ளைக்குத் தலைவாரும் தாயைப் பற்றியும் அச்சேபே எழுதியிருக்கிறார். அந்தத் தலைவாரல்தான் மனதில் நிற்கிறது. என் அறையிலும் அப்படித்தான். ‘என்ன உணர்கிறீர்கள்?’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று முடிந்துவிடும். ‘அவருக்குப் பிடித்த சட்டை எது?’ என்று கேட்டால் பேச்சு தானாக வரும். அதையே நாலு வரி எழுதச் சொல்வேன். கவிதையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள் தினம் 15 நிமிடம் தங்கள் மனக்காயங்களைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் இருந்தது. அதனால் சம்பவம் நடந்த சூட்டில் யாரையும் எழுதவோ பேசவோ வற்புறுத்தாதீர்கள். எழுதும்போது நெஞ்சு படபடத்து, பழைய காட்சி கண்முன் ஓட ஆரம்பித்தால் பேனாவை வைத்துவிடலாம். தூக்கமின்மையும் அந்தக் காட்சிகளும் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லையா, மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.