பெட்ரோலுக்கு ஏது புளி?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. எங்கள் வீட்டுச் சாம்பாரில் தக்காளி பாதியானது. புளி ஒரு நெல்லிக்காய் அளவு கூடியது. தமிழ்நாட்டில் பல வீடுகள் இப்படித்தான் சமாளித்தன. ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அடுத்த விளைச்சல் சந்தைக்கு வந்ததும் விலை தானாக இறங்கியது.

அதே மாதம் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. அதற்காக யாரும் வேலைக்குப் பாதி தூரம் போய்த் திரும்பவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டும், காய்கறி மூட்டை கடைக்கு வர வேண்டும், ஆட்டோ ஓடினால்தான் ஆட்டோக்காரர் வீட்டில் அடுப்பு எரியும். தக்காளிக்குப் பதில் புளி இருக்கிறது. பெட்ரோலுக்குப் புளி இல்லை.

எரிபொருள் விலையைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் சொல்கிறார்கள். என் பார்வையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான். பொருளியலில் இதற்கு விலை நெகிழ்ச்சி என்று பெயர். விலை ஏறும்போது வாங்குவது எவ்வளவு குறைகிறது என்பதன் அளவு அது. பெட்ரோலுக்கு இது மிகக் குறைவு. நெகிழாத பொருளுக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு வந்தாலும் விலை துள்ளி ஏறும். 10 பேருக்கு 9 குடம் தண்ணீர்தான் இருக்கிறது, ஆளுக்கு ஒரு குடம் இல்லாமல் முடியாது என்றால், குறைவது ஒரு குடம்தான். ஆனால் அந்த ஒன்பதுக்கும் நடக்கும் போட்டியில் விலை பத்தில் ஒரு பங்கோடு நிற்காது.

1973 அக்டோபரில் இது உலகத்துக்கே புரிந்தது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்து, சில நாடுகளுக்கு விற்பதையும் நிறுத்தின. உலகச் சந்தையில் குறைந்த எண்ணெய் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விலையோ சில மாதங்களில் பீப்பாய்க்கு 3 டாலரிலிருந்து 12 டாலர் அருகே போய்விட்டது.

விற்பவர் பக்கமும் இப்படித்தான் நெகிழாமல் நிற்கிறது. புதிய எண்ணெய் வயலைக் கண்டுபிடித்து, துளையிட்டு, குழாய் போட்டு எண்ணெய் எடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றை நினைத்தபோது மூடித் திறப்பதும் எளிதல்ல. மூடினால் அடிநிலத்து அழுத்தம் மாறி, மீண்டும் பழைய அளவு வராமலே போகலாம். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட எண்ணெய், அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2020 ஏப்ரல் 20 அன்று, கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது, அமெரிக்காவின் எண்ணெய் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே, கழித்தல் 37 டாலர் 63 சென்டில் முடிந்தது. எண்ணெயைக் கொட்டி வைக்க அந்நாட்டின் ஓக்லஹோமா மாநிலத்தில் தொட்டிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. கையில் இருந்ததை எடுத்துக்கொள்பவருக்கு விற்பவரே பணம் கொடுத்த நாள் அது.

அன்றைக்கு நம் ஊர் பங்க்கில் மட்டும் ஏன் விலை குறையவில்லை என்ற கேள்வி பலருக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. பதிலுக்கு ஒரு லிட்டரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2024 நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய் 82 டாலரை ஒட்டி இருந்தது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். டாலர் 83 ரூபாய் 50 காசு. பெருக்கி வகுத்தால் லிட்டர் 43 ரூபாய். அப்போது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 80 காசு அளவில் விற்றது. மீதி கிட்டத்தட்ட 58 ரூபாய் எங்கே?

கச்சா எண்ணெயை வண்டியில் ஊற்ற முடியாது. மணலி சுத்திகரிப்பு ஆலையில் அதை 350 டிகிரி வாக்கில் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுகிறார்கள். ஆவி மேலே ஏற ஏறக் குளிரும். கனமான மூலக்கூறுகள் கீழ்த்தட்டிலேயே திரவமாகிவிடும். லேசானவை மேலே போகும். அடியில் தார், அதற்கு மேல் டீசல், மண்ணெண்ணெய், பிறகு பெட்ரோல் ஆகப்போகும் நாப்தா, உச்சியில் சமையல் வாயு. வெண்ணெய் கடைந்தால் மோரும் வந்தே தீரும் என்பதுபோல, பெட்ரோல் மட்டும் வேண்டும் என்று எந்த ஆலையும் ஓட முடியாது. இந்தச் சுத்திகரிப்பு, கப்பல், லாரி, எண்ணெய் நிறுவனத்தின் லாபம் எல்லாம் சேர்ந்து 12 ரூபாய் போல ஆகிறது. பங்க் உரிமையாளருக்கு 4 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மத்திய அரசின் கலால் வரி அப்போது 19 ரூபாய் 90 காசு. அதற்கும் மேல் தமிழக அரசின் வாட் வரி: 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும்; இரண்டும் சேர்ந்து 22 ரூபாய் அருகே. ஆக, 100 ரூபாயில் 41 ரூபாய் போல வரி.

2020இல் நடந்தது இந்த வரிப் பகுதியில்தான். கச்சா எண்ணெய் சரிந்த மார்ச், மே மாதங்களில் பெட்ரோல் மீதான கலால் வரி லிட்டருக்கு 13 ரூபாயும், டீசலுக்கு 16 ரூபாயும் கூட்டப்பட்டது. உலகச் சந்தையில் விழுந்த விலை நம் பங்க்குக்கு வரும் முன்பே வரியாகிவிட்டது. வரி எப்போதும் தப்பி ஓட முடியாத பொருளைத் தேடித்தான் வரும். சோப்புக்கு வரி கூடினால் வேறு சோப்பு வாங்குவோம். பெட்ரோலுக்கு எங்கே போவோம்? விலையைத் துள்ள வைக்கும் அதே நெகிழாமைதான் அரசுகளுக்கும் நம்பகமான வருமானத்தைத் தருகிறது. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டிக்குள் பெட்ரோலும் டீசலும் அப்போது சேர்க்கப்படாமல் விடப்பட்டதற்கும் இந்த வருமானம்தான் காரணம். 2021இல் ஒரு லிட்டர் பெட்ரோலின் 32 ரூபாய் 90 காசு கலால் வரியில் மாநிலங்களுடனான பகிர்வுக்கு உட்பட்டது 1 ரூபாய் 40 காசு மட்டும். மீதி செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் மத்திய அரசிடமே நின்றது. மாநிலங்கள் வாட் வரியை விட மறுப்பதன் பின்னணி இது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய வரியைக் குறைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, நம் மண்ணிலேயே எண்ணெய் எடுத்தால்? அசாமின் திக்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே எடுத்தோம், 1974இல் மும்பைக் கடலில் பெரிய வயல் கிடைத்தது, நாகப்பட்டினம் நரிமணத்திலும் எடுத்தார்கள். இருந்தும் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான். அதைவிட முக்கியம், உள்ளூரில் எடுத்தாலும் விலை உலக விலைதான். உலகிலேயே அதிகம் எண்ணெய் எடுக்கும் நாடு அமெரிக்கா. 2022 ஜூனில் அங்கேயே பெட்ரோல் ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர், 5 டாலரைத் தாண்டியது. எண்ணெய்க்கு ஊர் கிடையாது. எங்கே கூடுதல் விலையோ அங்கே கப்பல் திரும்பும்.

இறக்குமதி என்றால் டாலர். டாலர் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2022இல் இலங்கை கண்டது. ஒரு லிட்டர் சாதாரண பெட்ரோல் அந்நாட்டுப் பணத்தில் 470 ரூபாய் வரை போனது. அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். ஜூலையில் கியூஆர் கோடு பங்கீடு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர். அதற்கும் முன்பே, 1990களின் பொருளாதாரத் தடையில், யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் பற்றாது. சில துளி பெட்ரோலை விட்டு இஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கிக்கொண்டு ஓடியது. புளி இல்லாத இடத்தில் மனிதர்கள் தேடிக்கொண்ட புளி அது. அந்த நிலை இனி யாருக்கும் வரக்கூடாது.

நிதானமாக மாற நமக்கு இன்று வழி இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் உண்டு. ஸ்கூட்டர் அதில் 50 கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட். மின் ஸ்கூட்டருக்கு அதே 100 கிலோமீட்டருக்கு 3 முதல் 3.5 யூனிட் போதும். ஐந்து மடங்கு வித்தியாசம். காரணம், பெட்ரோல் இஞ்சின் அடிப்படையில் ஓர் அடுப்பு. எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். மீதி சைலன்சரைச் சுட வைக்கிறது. மோட்டாரோ வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சுழற்சியாக்கிவிடும்.

அந்த மின்சாரமே நிலக்கரியில்தானே வருகிறது என்ற கேள்வி நியாயமானது. அனல்மின் நிலையம் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாக்கும். கம்பியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மின் ஸ்கூட்டரின் 100 கிலோமீட்டருக்கு 11 யூனிட் வெப்பம் செலவாகும். அப்போதும் 18ஐ விடக் குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழலும் மாதங்களில் கணக்கு இன்னும் நல்லதாகும். செலவும் அப்படித்தான்: யூனிட் 8 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் கிலோமீட்டருக்கு 28 காசு, பெட்ரோல் வண்டியில் 2 ரூபாய். பேட்டரிக்கான லித்தியத்தையும் இறக்குமதிதான் செய்கிறோம். ஆனால் பேட்டரி ஒரு முறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். பெட்ரோல் இன்று மாலையே புகையாகிவிடும்.

கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலைப் பெட்ரோலில் கலப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான். 20 சதவீதம் கலந்தால் ஒவ்வொரு லிட்டரிலும் 6, 7 சதவீத ஆற்றல் குறைகிறது. அதற்காகக் கரும்புக்கு இறைக்கும் தண்ணீரையும் கணக்கில் வைக்க வேண்டும். டாலரை மிச்சப்படுத்தும், உண்மை. காவிரிக் கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் டாலரைவிட அரிது.

பேருந்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. டவுன் பஸ் ஒரு லிட்டர் டீசலில் 4, 5 கிலோமீட்டர்தான் ஓடும். 50 பேர் ஏறியிருந்தால், ஆளுக்குக் கணக்கிட்டால் லிட்டருக்கு 200 முதல் 250 கிலோமீட்டர் ஆகிறது. ஒருவர் மட்டும் போகும் ஸ்கூட்டருக்கு 50, காருக்கு 15. 2021 மே மாதம் முதல் தமிழகத்தின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெண்களின் கைக்காசுக்காக வந்த திட்டம் அது. எரிபொருள் திட்டமாகவும் அதைப் பார்க்கிறேன். நேரத்துக்கு வரும் பஸ்ஸைப் போல மலிவான புளி வேறு இல்லை.

கடினமான இடம் லாரி. இந்தியாவில் பெட்ரோலைவிட டீசல் இரு மடங்குக்கும் மேல் செலவாகிறது. விடுதலையடைந்த காலத்தில் நாட்டின் சரக்கில் பெரும்பகுதி ரயிலில் போனது. இன்று ரயிலின் பங்கு 30 சதவீதத்துக்கும் கீழே. தண்டவாளத்தில் உருளும் இரும்புச் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவு, ரயில் பாதைகளும் ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டன. சிமெண்டும் நெல்லும் ரயிலுக்குத் திரும்ப முடியும். தக்காளியால் முடியாது, அது வயலிலிருந்து விடிவதற்குள் சந்தைக்கு வந்தாக வேண்டும்.

தக்காளி விளையும் கர்நாடகத்துக் கோலாரிலிருந்து சென்னை கோயம்பேட்டுச் சந்தைக்குச் சுமார் 270 கிலோமீட்டர். 10 டன் ஏற்றும் லாரிக்கு 54 லிட்டர் டீசல் பிடிக்கும் என்று வைப்போம். எடை 45 கிலோ. இதே வேலைக்கு 220 யூனிட் பேட்டரி வேண்டும். இன்றைய பேட்டரியில் அது ஒன்றரை டன். அத்தனை தக்காளியை இறக்கி வைத்துவிட்டுத்தான் லாரி கிளம்ப வேண்டும். ராணிப்பேட்டைப் பக்கம் டிரைவர் டீ குடிக்கும் முக்கால் மணி நேரத்தில் மீதிப் பாதி வழிக்கான 110 யூனிட்டை நிரப்பித் தரும் சார்ஜிங் நிலையம் இருந்தால், சுமக்க வேண்டியது முக்கால் டன்தான்.