போன் சொன்ன பதிலும் கைக்கு வராத வேலையும்

போன ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்த நேரம். என் தங்கை மகன் அங்கே காற்றாலை டெக்னீஷியன், டிப்ளமோ முடித்துச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கியர்பாக்ஸ் ஆயில் சூடாகிறது என்று ஒரு இயந்திரம் அலாரம் காட்டி நின்றுவிட, அவன் போனில் ஏஐயிடம் கேட்டான். கூலரில் தூசி அடைத்திருக்கலாம், ஃபேன் மோட்டார் ஓடாமல் இருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம், ஆயிலைக் கூலருக்கு விடும் வால்வு திறக்காமல் இருக்கலாம், சென்சாரே தப்பாகக் காட்டலாம் என்று வரிசையாக வந்தது. ஏறிப் பார்த்தால் கூலர் முழுக்கத் தூசி. சுத்தம் செய்தான், ஓடியது.

இரண்டு வாரம் கழித்து வேறொரு காற்றாலையில் அதே அலாரம். போனைக் கீழேயே வைத்துவிட்டு ஏறியிருந்தான். "மாமா, மேல போய் நின்னா ஒண்ணுமே ஞாபகம் வரல. முன்னாடி நான்தான் சரி பண்ணினேன், ஆனா நான் பண்ணின மாதிரியே இல்ல" என்றான். அவன் குரலில் இருந்த பயம் என்னையும் பிடித்துக்கொண்டது.

சரி, அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது? இந்த ஏஐக்கு உள்ளே இருப்பது 'லாங்குவேஜ் மாடல்' என்கிற ஒரு கணினி நிரல். மனிதர்கள் எழுதிய ஏராளமான பக்கங்களைக் கொடுத்து, அடுத்து வரும் சொல் எது என்று ஊகிக்க அதைப் பழக்குகிறார்கள். ஊகம் தப்பும்போதெல்லாம் உள்ளே இருக்கும் எண்கள் கொஞ்சம் திருத்தப்படும். சலிக்காமல் இதையே செய்யச் செய்ய, 'கியர்பாக்ஸ்', 'சூடு', 'அலாரம்' என்ற சொற்கள் சேர்ந்து வந்தால் அனுபவசாலிகள் அடுத்து என்ன எழுதுவார்கள் என்ற தடம் அந்த எண்களில் பதிந்துவிடுகிறது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்புதான் இதற்கு வழி திறந்தது. ஒரு சொல்லுக்கு மற்ற எந்தச் சொற்களோடு எவ்வளவு தொடர்பு என்று அது கணக்குப் போடும். ஆக என் மருமகன் போனில் பார்த்தது முகம் தெரியாத பல மூத்த டெக்னீஷியன்கள் எழுதிவைத்த அனுபவத்தின் சாறு.

இதனால்தான் புதியவர்களுக்கு ஏஐ அதிகம் உதவுகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. திறமையான ஊழியர்கள் பேசும் விதத்தைக் கற்றுக்கொண்ட ஏஐ, அரட்டை நடக்கும்போதே மற்றவர்களுக்கு யோசனை சொன்னது. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைத்த புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கோ 34 சதவீதம். பல வருடம் ஆனவர்களுக்குப் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. இரண்டு மாத அனுபவம் உள்ளவர், ஏஐ இல்லாத ஆறு மாத ஆளைப் போல வேலை செய்தார்.

ஆனால் வேலை முடிவது வேறு, வேலை படிவது வேறு.

நம் மூளை ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, பார்க்காமல் உள்ளேயிருந்து தேடி எடுக்கும்போதுதான் அதை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பகுதியை மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம்தான் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு முறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் வாசித்தவர்களே முன்னே நின்றார்கள். தனக்குத் தெரிந்துவிட்டது என்று மனசு ஏமாறுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். ஏஐ பதிலை வாசித்ததும் வருகிற நிம்மதியும் இதே வகை.

துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் இதைப் பார்த்தார்கள். கேட்டதும் விடை தரும் ஏஐ இருந்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக வாங்கினார்கள்; அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால், ஏஐயே தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவு. விடை தராமல் குறிப்பு மட்டும் கொடுக்கும் ஏஐயோடு படித்தவர்களுக்கு அந்தச் சரிவு வரவில்லை. என் கணிப்பில் மொத்த விஷயமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

புதியவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். போலந்தில் குடலுக்குள் கேமரா விட்டுப் பரிசோதனை செய்யும் அனுபவமுள்ள மருத்துவர்களுக்கு ஏஐ உதவி வந்த பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அவர்கள் கட்டி கண்டுபிடிக்கும் விகிதம் 28.4இலிருந்து 22.4 சதவீதத்துக்கு இறங்கியதாக 2025இல் ஆய்வு வந்தது.

அப்புறம், எழுத்தில் ஏறாத அறிவு என்று ஒன்று இருக்கிறது. குலசேகரம் பக்கம் விடியும் முன்னே நெற்றி விளக்கோடு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பால் குழாய்கள் பட்டைக்குள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறும், அதனால் இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயுமாகச் சரித்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், உள்ளே மரம் வளரும் மெல்லிய அடுக்குக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னே கத்தி நின்றுவிட வேண்டும். இதையெல்லாம் ஏஐ நொடியில் சொல்லும். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் வந்துவிட்டது என்று சொல்வது கத்தியின் பிடியில் தெரிகிற சின்ன மாற்றம். அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, நூறு மரம் வெட்டித்தான் தெரியும். ஆழம் போனால் மரம் காயப்படும், போகாவிட்டால் சிரட்டையில் பால் குறையும், மரமே திருத்திக்கொடுக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேட்டால், அந்த மாடலின் கையேடு ஏஐயின் பயிற்சியில் இல்லாவிட்டாலும் அது நம்பும்படியாக ஒரு எண்ணைச் சொல்லிவிடக்கூடும், ஏனென்றால் அதன் வேலையே ஊகம். தானாக யோசித்துப் பழகாதவனுக்கு அந்த எண்ணில் சந்தேகம்கூட வராது.

மருமகன் இப்போது ஒரு பாக்கெட் நோட்டு வைத்திருக்கிறான். அலாரம் வந்தால் முதலில் தனக்குத் தோன்றும் மூன்று காரணங்களை எழுதுகிறான், அதற்குப் பிறகுதான் போன். அதிலும் "பதிலைச் சொல்லாதே, நான் கண்டுபிடிக்கிற மாதிரி கேள்வி கேள்" என்று தட்டுகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தபோது ஒரு பக்கத்தைக் காட்டினான். 'ஃபேன் மோட்டார்' என்று எழுதி அடித்திருந்தது. கீழே, கூட வேலை செய்யும் மூத்தவர் சொன்னபடி புறங்கையைக் குழாயருகே வைத்துப் பார்த்ததைக் குறித்திருந்தான்: 'ஆயில் கொதிக்குது, ஆனா கூலருக்குப் போற குழாயில சூடே இல்ல. வால்வு திறக்கல.'