அடோபோ மாலைவரை தாங்குகிறது, தேங்காய்ப்பால் குழம்பு ஏன் தாங்குவதில்லை?

மணிலாவில் குடும்பத்தினரே நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் காரிந்தேரியா என்று பெயர். சமையல் விடியுமுன்னே தொடங்கிவிடும். பத்து மணிக்குள் எட்டுப் பத்து வகைக் குழம்பும் வறுவலும் மூடி போட்ட பாத்திரங்களில் முன்மேசையில் வரிசைகட்டி நிற்கும். வருகிறவர்கள் மூடியைத் திறந்து பார்த்து, வேண்டியதைக் கைகாட்டி, சோற்றோடு வாங்கிக்கொள்வார்கள். பாதி அளவும் கிடைக்கும். பல கடைகளில் உணவைச் சூடாகவே வைத்திருக்கும் மேசை கிடையாது. வெளியே 31, 32 டிகிரி வெக்கை. மதியம் தாண்டினால் தேங்காய்ப்பால் குழம்பு கெடத் தொடங்கிவிடும். பக்கத்துப் பாத்திரத்தில் இருக்கும் அடோபோ, அதாவது வினிகரும் உப்பும் பூண்டும் சேர்த்து வேகவைத்த கறி, மாலையிலும் நன்றாக இருக்கும். இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் வினிகர்.

அடோபோ செய்ய ஒரு கிலோ பன்றி வயிற்றுக்கறிக்கு ஏறக்குறைய 120 மில்லி வினிகர், அதே அளவு சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டு, ஒரு தேக்கரண்டி மிளகு, பிரிஞ்சி இலை போன்ற லாரல் இலை இரண்டு மூன்று, ஒன்றரைக் கப் தண்ணீர் போதும். சோயா சாஸ் இல்லாமல் உப்பு மட்டும் போட்டுச் செய்யும் வெள்ளை அடோபோவும் உண்டு. வினிகர் கரும்புச் சாற்றிலிருந்தோ, தென்னங்கள்ளிலிருந்தோ, சதுப்பு நிலத்தில் வளரும் நிப்பா பனையின் பதநீரிலிருந்தோ வரும். வாசனை வேறுபடுமே தவிர வேலை செய்யும் பொருள் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: அசிட்டிக் அமிலம், பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம்.

இந்த அமிலம் தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். பிரிந்து மின்னூட்டம் பெற்ற வடிவம் பாக்டீரியாவின் சவ்வைக் கடக்கத் திணறும். பிரியாத முழு மூலக்கூறு எளிதாக உள்ளே நுழைந்து, அங்கே போய்ப் பிரிந்து, செல்லின் உட்புறத்தைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளுவதிலேயே பாக்டீரியாவின் ஆற்றல் தீர்ந்துபோகும், பெருக முடியாது. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். குழம்பின் பி.எச். 4.76 ஆக இருந்தால் அமிலத்தில் சரிபாதி இப்படிப் பிரியாமல் இருக்கும். பி.எச். 6க்கு ஏறினால் 5 சதவீதம்தான் மிஞ்சும். ஆகவே எவ்வளவு வினிகர் ஊற்றினோம் என்பதைவிட, கடைசியில் குழம்பு எந்த பி.எச்.சில் நிற்கிறது என்பதே முக்கியம்.

இறைச்சி இதில் குறுக்கே வரும். அதன் புரதங்கள் அமிலத்தை உறிஞ்சிச் சமன்செய்துவிடும். 120 மில்லி வினிகரில் இருப்பது சுமார் 6 கிராம் அமிலம். ஒரு கிலோ கறிக்கு எதிரே அது அதிகமில்லை. குழம்பு பி.எச். 5ஐ ஒட்டி நின்றுவிடக்கூடும். போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் கிருமியை அமிலம் மட்டுமே தடுக்க வேண்டுமானால் பி.எச். 4.6க்குக் கீழே இறங்கியாக வேண்டும். அடோபோ நாள்கணக்கில் வெளியே இருக்கலாம் என்ற பேச்சை நம்பக்கூடாது என்று நாம் அழுத்திச் சொல்வது இதனால்தான். வினிகர், சோயா சாஸின் உப்பு, குழம்பு சுண்டச் சுண்டக் குறையும் நீர் மூன்றும் சேர்ந்து கெடுவதைத் தாமதப்படுத்தும்; நிறுத்திவிடாது. இனிப்பு வேண்டுமென்று வினிகரைப் பாதியாக்கிச் சர்க்கரை கூட்டும் கடையில் அந்தத் தாமதமும் குறைந்துவிடும்.

வினிகர் ஊற்றினால் கொதி வரும்வரை கரண்டி போடக்கூடாது என்பது பிலிப்பைன் சமையலறைகளில் எல்லோரும் சொல்லும் விதி. கிளறினால் பச்சை வினிகர் வாடை நின்றுவிடுமாம். கொதியில் அமிலம் ஆவியாகிப் போகிறது என்று அதற்கு விளக்கமும் சொல்வார்கள். அது சரியில்லை. அசிட்டிக் அமிலம் கொதிப்பது 118 டிகிரியில். வினிகரைக் கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் சற்று வேகமாக வெளியேறும், மிஞ்சுவதில் அமிலம் கொஞ்சம் அடர்த்தியாகும். முதலில் பறந்துபோவது எத்தில் அசிட்டேட் போன்ற, மூக்கில் ஏறும் லேசான பொருள்கள். அதன் கொதிநிலை 77 டிகிரி. பிறகு கறியின் புரதமும் கொழுப்பும் உப்பும் புளிப்பின் முனையை மழுக்கும். எனவே கரண்டியைவிட மூடிதான் கவனிக்க வேண்டியது: முதல் ஐந்து நிமிடம் திறந்தே கொதிக்கட்டும். மூடினால் அந்த வாடை மூடியில் பட்டுத் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே சொட்டும்.

அதன்பின் மூடி, சிறுதீயில் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். தசைநாரைக் கட்டியிருக்கும் கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மெல்ல மெல்ல ஜெலட்டினாக இளகும். அமிலம் அதைத் துரிதப்படுத்தும். கறி வெந்தபின் துண்டுகளை எடுத்து அதன் கொழுப்பிலேயே சிவக்க வறுத்து, சுண்டிய சாற்றை மேலே ஊற்றுபவர்கள் உண்டு. நேரமிருந்தால் இந்த வேலையை விடக்கூடாது. நீரில் வெந்த கறிக்கு வறுத்த மணம் தானாக வராது. பூச்சில்லாத அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் அடோபோ வைக்க வேண்டாம். புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தின் மேல் உள்ள ஆக்சைடு படலத்தை அரித்து, குழம்பில் உலோகச் சுவையை இறக்கிவிடும். மண்சட்டி, எனாமல், எவர்சில்வர் எதுவானாலும் சரி.

புளி போட்டு வைக்கும் சினிகாங் சூப்பும் அமிலம்தான். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் ஆவியாகாது, அதனால் கொதிக்கக் கொதிக்கப் புளிப்பு குறையாது. நம் புளிக்குழம்பு மறுநாள் தாங்குவதும் இதே கணக்கில்தான். சினிகாங்கில் போடும் வள்ளைக்கீரையை அடுப்பை அணைக்கும் நேரத்தில் போட வேண்டும். புளிப்பில் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்றுபோய், பத்து நிமிடத்தில் கீரை காக்கிநிறமாகும். காக்கிநிறக் கீரையோடு சினிகாங் வந்தால் அது நெடுநேரமாக அடுப்பில் இருந்தது என்று கொள்ளலாம்.

தேங்காய்ப்பாலில் செய்யும் கினத்தான் வகைகளுக்கு இந்தக் காவல் இல்லை. பி.எச். 6ஐ ஒட்டியது, நீரும் புரதமும் சர்க்கரையும் நிறைந்தது. கிருமிக்கு வேறென்ன வேண்டும்? இவற்றில் நாம் அஞ்ச வேண்டியது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் கொதியில் சாவதில்லை. குழம்பு 45 டிகிரியைச் சுற்றி ஆறிக்கொண்டிருக்கும்போது முளைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்கும். காற்று பட வேண்டாம் என்பதால், மேலே கொழுப்பு உறைந்து மூடிக்கொண்டாலும் அதற்குத் தடையில்லை. எனவே 60 டிகிரிக்கு மேலே வைத்திரு, அல்லது சீக்கிரம் குளிரவை, இடையில் விடாதே. கெட்டிக் குழம்பு ஆறும் நேரம் அதன் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்து நீளும். 20 சென்டிமீட்டர் ஆழப் பானையில் கிடப்பதை 5 சென்டிமீட்டர் ஆழத் தட்டுகளில் பிரித்து ஊற்றினால் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு நேரத்தில் ஆறிவிடும். குளிர்பதனப் பெட்டியில் பானையோடு தூக்கி வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

மிஞ்சிய சோறு மறுநாள் காலை சினாங்காக் என்ற பூண்டுச் சோறாகும். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் அமைலோஸ் இழைகள் மீண்டும் நெருங்கிக் கட்டிக்கொள்வதால் பருக்கை விறைக்கும், வாணலியில் குழையாது. நறுக்கிய பூண்டைச் சூடேறாத எண்ணெயில் போட்டு, சிறுதீயில் வெளிர்பொன் நிறத்திலேயே வழித்தெடுக்க வேண்டும். எண்ணெயின் சூட்டில் அது மேலும் சிவக்கும். பழுப்பாகும்வரை விட்டால் கசக்கும். ஆனால் அந்தச் சோறு இரவு முழுவதும் பானையிலேயே கிடந்திருக்கக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி சோற்றில் உண்டாக்கும் வாந்தி நச்சு, எத்தனை வறுத்தாலும் அழியாது. வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்தால் கிருமிக்கு நேரம் கிடைக்காது. மறுநாள் சோறும் உதிரியாகவே வரும்.